அட்டை வைத்து வெட்டிய படங்கள்

எனக்குத் தெரியாத வேலை என்று எதுவும் கிடையாது. இன்னும் செய்து பார்க்காத வேலை என்று வேண்டுமானால் சில இருக்கலாம். இதை நான் சொல்லும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார். சிரிப்பது எனக்குத் தெரியக் கூடாதாம். தாள் ஆடுவது தெரியாதா?

நான் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரிச் சீருடை, ஹோட்டல் ஆட்களின் சட்டை என்று மொத்தமாகத் தைத்துக் கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு அளவுக்கும் ஓர் அட்டை வெட்டி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். துணியை மடிப்பு மடிப்பாக அடுக்கி, மேலே அட்டையை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினால் ஒரே மாதிரி சட்டைகள் வந்து விழும். ஒன்றின் தோள் இன்னொன்றின் தோளைவிட ஒரு நூல் ஏறியிருந்தாலும் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்ட நான் ஸ்கிராப் புக் செய்யக் கிளம்பியதற்குக் காரணம் ஒரு வாடிக்கையாளர். கவுனின் நீளத்தைக் குறைக்க வந்த பெண், நான் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு நின்றாள். புரட்டிப் பார்த்தேன். கெட்டிக் காகிதத்தில் குடும்பப் படங்கள், பக்கத்தில் ரிப்பன், பஸ் டிக்கெட், குழந்தையின் முதல் சட்டைத் துணியில் ஒரு துண்டு, கீழே அழகான எழுத்தில் இரண்டு வரி. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் லேஸை ஒட்டியிருந்த லட்சணத்தைப் பார்த்ததும், இதை நான் செய்தால் எப்படி இருக்கும் என்று கை அரித்தது. அப்போதே என் தங்கையின் முகம் மனதில் வந்து நின்றது.

தங்கை ஒரு நர்ஸ். தெருவே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். கேட்டுக் கேட்டு வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர்கூட மைத்துனியை அப்படித்தான் கூப்பிடுகிறார். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் ஒற்றை அறை. இந்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது, அறையையும் காலி செய்ய வேண்டும். எங்கே போவாள்? இதென்ன கேள்வி, எங்கள் வீட்டு மாடிக்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அப்பாவின் அறை. அவர் போன பிறகு பூட்டிக் கிடந்ததைத் திறந்து பெயின்ட் அடித்து, கட்டில் போட்டு, திரை தைத்து மாட்டி, மறுபடி பூட்டி வைத்திருந்தேன். அவளோ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஓய்வு பெற்ற நர்ஸ்கள் தங்கும் விடுதி ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் அங்கே பதில் சொல்ல வேண்டுமாம்.

"மாடியில பெயின்ட் அடிச்சு ரூம் தயாரா இருக்கறப்ப உனக்கு எதுக்குடி விடுதி?" என்று போனில் கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன்க்கா. ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன். அப்ப சொல்றேன்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சொந்த அக்கா வீட்டுக்கு வருவதற்கு யோசனை என்ன வேண்டிக் கிடக்கிறது? யாரோ முகம் தெரியாதவர்களோடு வரிசையில் நின்று சாப்பாடு வாங்கித் தின்பதற்கு இவளுக்கு என்ன தலையெழுத்து? ஆனால் அவளிடம் கத்தினால் காரியம் ஆகாது. நோயாளிகளிடம் பேசிப் பேசி, யார் கத்தினாலும் சலனமில்லாமல் நிற்கப் பழகியவள். எனவே வேறு வழியில் மடக்க முடிவு செய்தேன். எங்கள் குடும்பப் படங்களையெல்லாம் சேர்த்து ஒரு ஸ்கிராப் புக் செய்து ஞாயிற்றுக்கிழமை அவள் மடியில் வைப்பது. புரட்டப் புரட்ட, இந்த வீடு இவளுடையதும்தான் என்று அவளுக்கே உறைக்க வேண்டும். அதற்கு மேல் எந்த வாய் விடுதி என்று சொல்லும்?

மறுநாளே கடைத்தெருவில் உள்ள ஸ்டேஷனரிக் கடைக்குப் போனேன். கெட்டிக் காகிதம், பசை, வண்ண நாடா, மூலைக்கு ஒட்டும் சின்னச் சின்ன முக்கோணங்கள் என்று கூடையை நிரப்பினேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"புதுசா ஆரம்பிக்கிறீங்களாம்மா?"

"ஏன், மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கா?"

"இல்ல, எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு எடுக்கறீங்க. புதுசா வர்றவங்கதான் அப்படி எடுப்பாங்க." பிறகு, நான் கேட்காமலே ஆரம்பித்துவிட்டார். "மொதல்ல படங்களப் பிரிச்சு அடுக்குங்க. வருஷவாரியா பிரிச்சாலும் சரி, ஆளுவாரியா பிரிச்சாலும் சரி, ஏதாவது ஒண்ண வெச்சுக்கங்க. எல்லாத்தையும் ஒட்டணும்னு ஆசப்படாதீங்க, ஒரு பக்கத்துக்கு மூணு நாலு போதும். முக்கியமா, பழைய படம்னா காப்பி எடுத்து, அந்தக் காப்பியத்தான் வெட்டணும். அசல்ல கத்திரி வைக்கவே கூடாது."

"கத்திரியப் பத்தி என்கிட்டயா சொல்றீங்க?" என்றேன். கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த டேப்பை அப்போதுதான் அவர் கவனித்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போது கழற்ற மறந்துவிட்டேன். அது என் வழக்கம், மறதி அல்ல என்பது போல நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

பிரிக்கிற வேலை எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. வெட்டு மேஜையிலிருந்து துணியெல்லாம் எடுத்துவிட்டு, அப்பாவின் அலமாரியில் இருந்த படங்களை மொத்தமாகக் கொட்டினேன். அப்பா எதையும் ஆல்பத்தில் போட்டதில்லை. சிஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரும் எக்ஸ்ரே உறைகளில்தான் போட்டு வைப்பார். ஒரு உறையில் நுரையீரல் என்று எழுதியிருக்கும், உள்ளே தம்பியின் கல்யாணம் இருக்கும். எதிலும் தேதி கிடையாது.

தேதி எனக்கு எதற்கு? படத்தில் இருக்கிற துணிகளில் முக்கால்வாசி நான் தைத்தது. அப்பாவின் சட்டைக் காலர் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தால், அது நான் தொழில் பழகிய வருஷம். காலர் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் அதற்கு அடுத்தது. அம்மாவின் ரவிக்கைக் கை பலூன் மாதிரி வீங்கியிருந்தால் எல்லோரும் அப்படிக் கேட்டுத் தைத்துக்கொண்ட காலம். தம்பியின் கால்சட்டை ஓரத்தில் மடிப்புப் பிரித்த கோடு தெரிந்தால், அவன் ஒரே விடுமுறையில் கிடுகிடுவென வளர்ந்த வருஷம். காலரையும் கையையும் பார்த்துப் பார்த்து, வருஷவாரியாக மேஜை முழுக்க வரிசையாக அடுக்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று வார்த்தைக்கு மேல் பேசினால் டீசல் செலவாகிவிடும் என்று நினைப்பவர். அவரே மேஜையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார்.

வெளியூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, ஒரு படத்தைப் பற்றி மட்டும் சரிபார்த்தேன்.

"நீ கோடு போட்ட சட்ட போட்டுக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கியே, அது பத்தாவது முடிச்ச வருஷம்தான?"

"ஆமாக்கா. கை ரெண்டும் ஒரு நீளமா இல்லன்னுதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தேன்."

"அதெல்லாம் ஒரே நீளம்தான். உன் கைதான் ஏத்த இறக்கம்."

மங்கலானது, கண் மூடியது, ஒரே படத்தின் மறுபிரதி எல்லாவற்றையும் கழித்தேன். மிச்சத்தில் பக்கத்துக்கு மூன்று என்று எடுத்து வைத்தேன். பின்பக்கத்தில் பென்சிலால் வருஷம் எழுதினேன். இவ்வளவும் கடைக்காரர் சொன்னபடிதான். அவர் சொன்ன ஒன்றை மட்டும் செய்யவில்லை. காப்பி எடுக்கக் கொடுத்தால் அடுத்த வாரம்தான் கிடைக்கும் என்று ஸ்டூடியோவில் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அதோடு, காப்பி எடுத்து வெட்டுவதெல்லாம் கை நடுங்குகிறவர்களுக்கு. பட்டுத் துணியையே ஒரே மூச்சில் வெட்டுகிறவள் நான்.

படங்கள் ஆளுக்கொரு அளவில் இருந்தன. ஒன்று நீளம், ஒன்று சதுரம், ஒன்று அஞ்சலட்டை மாதிரி. பக்கத்தில் வைத்தால் கண்ணை உறுத்தியது. ஓர் அட்டை வெட்டினேன். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, அளவெடுத்த, மூலை பிசகாத அட்டை. துணியில் பூ எங்கே விழுகிறது என்று பார்த்து அட்டையை வைப்பது போல, படத்தில் நடு நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்தேன். நடுவில் அப்பா அம்மா, அவர்களைச் சுற்றி ஆட்கள், அதற்கு வெளியே இருப்பதெல்லாம் திரைச்சீலை, தூண், பூந்தொட்டி. பென்சில் கோடு, ஒரு வெட்டு. அடுத்தது. பென்சில் கோடு, ஒரு வெட்டு. கை ஓடத் தொடங்கிவிட்டால் எனக்குக் கண் கோட்டில் மட்டும்தான் இருக்கும். ஓரங்கள் எல்லாம் சுருள் சுருளாகக் காலடிச் சாக்கில் விழுந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் புத்தகம் தயார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே அளவில் மூன்று படம். ஓரத்தில் நூலால் சங்கிலித் தையல், மூலையில் பொத்தான். எந்த வருஷமோ அந்த வருஷத்து வெட்டுத் துணி இருந்தால் அதில் ஒரு துண்டு. அந்த கவுன்காரப் பெண் இதைப் பார்த்தால் தன் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிடுவாள் என்று தோன்றியது. என்னையே நான் முதுகில் தட்டிக்கொள்ள முடியாததால், வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்ட முடிவு செய்தேன். அவர் தூங்கிவிட்டிருந்தார். காலையில் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் காபியோடு உட்கார்ந்து அவர் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தையும் தெரு முனையில் திரும்புகிறவர் மாதிரி நிதானமாகத் திருப்பினார். நான் பாராட்டை எதிர்பார்த்து எதிரே நின்றேன்.

"நல்லாருக்கு" என்றார். கடைசிப் பக்கம் வரைக்கும் போய், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். "எல்லாரும் இருக்காங்க. சிஸ்டர் எங்க?"

"எங்கன்னா? உள்ளதான் இருப்பா. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

புத்தகத்தைப் பிடுங்கினேன். சின்ன வயதுப் படங்கள் இரண்டில் இருந்தாள், இரட்டைப் பின்னலோடு. அதற்குப் பிறகு என் கல்யாணம், அவள் இல்லை. தம்பியின் கல்யாணம், இல்லை. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள், அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள், தம்பி பிள்ளையின் பிறந்த நாள். எதிலும் இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டதே அவள்தான். வீட்டுக்கு வந்த படத்தில் அவள் எப்படி இல்லாமல் போவாள்?

மேஜைக்கடியில் இருந்த சாக்கை இழுத்துத் தரையில் கவிழ்த்தேன்.

அங்கே இருந்தாள். துண்டு துண்டாக, எல்லாத் துண்டிலும் அவள். பாதித் தோள், தோளில் மாட்டிய கைப்பை. முகம் முழுசாக, ஆனால் ஒரு காதில்லாமல். கையில் சுருட்டிய வெள்ளைக் கோட்டு. என் கல்யாணப் படத்தில் தூணுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். தூணையும் அவளையும் சேர்த்தே வெட்டியிருந்தேன். அம்மா வீட்டுக்கு வந்த படத்தில் அம்மாவின் தோளில் அவள் விரல்கள் மட்டும் புத்தகத்தில் இருந்தன. யாருடைய கை என்று தெரியாமல் நான்கு விரல். கைக்குச் சொந்தக்காரி தரையில் கிடந்தாள்.

இத்தனை வருஷமும் எல்லாப் படத்திலும் இவள் ஓரத்திலேயே நின்றிருக்கிறாள். துணியில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற எனக்கு அது ஒரு நாளும் கண்ணில் படவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அதைவிட அதிகமாக என் மேலேயே ஆத்திரம் வந்தது.

"மணி என்ன?" என்றேன்.

"வர்ற நேரந்தான்."

"புத்தகத்த ஒளிச்சு வையுங்க. வேற என்னத்தையாவது குடுத்துச் சமாளிச்சுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே துண்டுகளைப் பொறுக்கி மேஜையில் போட்டேன். எந்தத் துண்டு எந்தப் படத்துக்கு என்று பார்த்துவிட்டால், பின்னால் காகிதம் கொடுத்து ஒட்டிவிடலாம். பிரித்துத் தைக்காத துணியா? நாலைந்துக்கு ஜோடி சேர்த்துவிட்டேன். இவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே ஒளிப்பது என்று நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார். பஸ்ஸைக்கூட இவ்வளவு திணறி நிறுத்தியிருக்க மாட்டார். அதற்குள் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

"என்னக்கா, ஞாயித்துக்கிழமையும் வேலையா?" என்று கேட்டுக்கொண்டே நேராக மேஜைக்கு வந்துவிட்டாள். மறைக்க நேரமில்லை. மேஜை முழுக்க அவளே கிடந்தாள்.

கைப்பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். ஒவ்வொரு துண்டாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீழே வைத்தாள். எக்ஸ்ரே பார்க்கிற மாதிரியே பார்த்தாள். பிறகு இவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி முழுக்கப் புரட்டினாள். நான் வாயைத் திறந்தேன். எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று எனக்கு வாழ்க்கையில் முதல் முறையாகத் தெரியவில்லை.

அவள் சிரித்துவிட்டாள். உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அளவு மட்டும் கன கச்சிதம்க்கா!"

"சிரிக்காதடி. எனக்கு உயிரே போகுது. வேணும்னு செய்யல."

"வேணும்னு செஞ்சன்னு யாரு சொன்னா? நான்தான ஓரத்துல நின்னேன். யாரும் என்னத் தள்ளி விடல. எப்ப ஆஸ்பத்திரியில இருந்து போன் வரும்னு தெரியாது. நடுவுல நின்னா எல்லாரையும் கலைச்சு விட்டுட்டுப் போகணும். ஓரத்துல நின்னா யாருக்கும் தொந்தரவில்லாம நழுவிடலாம்."

"அப்ப உனக்குக் கோவம் இல்லையா?"

"இதுக்கு இல்ல."

அந்த 'இதுக்கு' எனக்குச் சுருக்கென்றது. "வேற எதுக்கு?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "மாடி ரூமுக்கு என்ன பெயின்ட் அடிச்சிருக்க?"

"வெளிர் நீலம். பாக்கவே கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கு. வேணும்னா வந்து பாரு."

"யாரக் கேட்ட?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? நீலம் யாருக்குத்தான் பிடிக்காது?"

"முப்பத்தஞ்சு வருஷமா வார்டுல அந்தச் சுவரத்தான்க்கா பாத்துக்கிட்டிருக்கேன்." குரல் உயரவே இல்லை. "கட்டில எங்க போட்ட?"

"ஜன்னல் ஓரமா. உனக்குக் காத்து வரட்டும்னு" என்றேன். என் குரல் எனக்கே இறங்கிக் கேட்டது.

"ராத்திரி டூட்டி பாத்துட்டு பகல்ல தூங்கிப் பழகினவ நான். வெளிச்சம் பட்டா பொட்டுத் தூக்கம் வராது. சாப்பாடு?"

"ஒரு மணிக்கு. எங்களோடதான்."

"ரூம் சாவி என்கிட்ட இருக்குமா?"

"சொந்த வீட்டுக்குள்ள எதுக்குடி சாவி?"

அவள் மேஜையில் கிடந்த அட்டையை எடுத்தாள். நான் படங்களுக்கு வெட்டிய அதே அட்டை. "எனக்கும் நீ ஒண்ணு வெட்டி வெச்சிருக்கக்கா. அதுக்குள்ள நான் அடங்கல. அந்த விடுதியில என்னை யாருக்கும் தெரியாது. இதான் உனக்கு நல்லதுன்னு சொல்ல அங்க ஆளில்ல. அதான் அங்க போயிடலாம்னு இருக்கேன். இதச் சொல்லத்தான் வந்தேன்."

எனக்கு வந்ததே கோபம். வாங்கிய பெயின்ட், அடித்த ஆள், நான் தைத்த திரை எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. "அப்ப போ! போய் நிம்மதியா இரு! உனக்காக ஓடி ஓடிச் செஞ்சேன் பாரு, என்னச் சொல்லணும்!" என்று கத்தினேன். இவர் செய்தித்தாளைத் தேடினார். எதையும் பிடித்துக்கொள்ளக் கிடைக்காமல், காபி தம்ளரைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

சிஸ்டர் அசையவில்லை. கத்துகிறவர்கள் கத்தி முடிக்கும் வரைக்கும் காத்திருக்கிற நிற்பு அது. அந்த நிற்பைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. திங்கட்கிழமை அவள் விடுதிக்குப் பதில் சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு அவள் மாதத்துக்கு ஒரு முறை வந்து, ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

"உனக்காகன்னு சொன்னது பொய்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்காகத்தான். அப்பா போனதுல இருந்து மிஷின நிறுத்தினா வீட்டுல ஒரு சத்தம் கிடையாது. இவரு பேசறது உனக்குத் தெரியும். சண்ட போடறதுக்குக்கூட ஆளில்லடி எனக்கு. உனக்கு விடுதி நல்லாத்தான் இருக்கும், நான் இல்லன்னு சொல்லல. நீ இங்க வந்தா எனக்கு நல்லாருக்கும். அவ்வளவுதான். வேற ஒரு காரணமும் இல்ல."

சொல்லி முடித்ததும் மூக்கைச் சிந்த வேண்டியதாயிற்று. கையில் கிடைத்த வெட்டுத் துணியில் சிந்தினேன். அது மறுநாள் டெலிவரி கொடுக்க வேண்டிய சட்டையின் பாக்கெட் என்பது பிறகுதான் தெரிந்தது.

"இத போன்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் அழுது நான் பார்த்தது ரொம்பக் குறைவு. அம்மா போனபோதுகூட எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவள்.

பிறகு நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "பசை எங்க?" என்றாள். அம்மா வீட்டுக்கு வந்த படத்தைப் புத்தகத்திலிருந்து மெதுவாக உரித்தெடுத்து, தன்னுடைய துண்டை அதன் பக்கத்தில் சேர்த்தாள். பின்னால் காகிதம் வைத்து அமுக்கினாள். விரல்களுக்குக் கை கிடைத்தது, கைக்கு ஆள் கிடைத்தாள். நடுவில் கோடு பளிச்சென்று தெரிந்தது. அதன் மேல் மெல்லிய நாடா ஒன்றை ஒட்டி மறைத்துவிடலாம், என்னிடம் பொருத்தமான நிறமும் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன்.

"இருக்கட்டும்க்கா. தையல் போட்டா தழும்பு தெரியத்தான் செய்யும்" என்றாள், என்னைப் பார்க்காமலே.

படம் இப்போது பக்கத்தில் அடங்கவில்லை. அவள் அதைச் சாய்வாக ஒட்டினாள். பக்கத்து ஓரத்தைத் தாண்டி அவள் தோளும் கைப்பையும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. என் கை கத்திரியைத் தேடியது. பக்கத்தை மூடினால் மடங்குமே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். எனக்குத் தெரிந்து நான் விழுங்கிய முதல் வார்த்தை அதுதான். ஜீரணமாகச் சற்று நேரம் பிடித்தது.

இன்னும் இரண்டு படங்களை ஒட்டினாள். திடீரென்று பசையை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். "மாடிச் சாவி குடு."

கொடுத்தேன். நானும் எழுந்தேன்.

"நீ இரு" என்றாள்.

படியேறிப் போனாள். நான் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். என்ன பார்க்கிறாள், என்ன நினைக்கிறாள், பிடிக்காமல் இறங்கி வந்துவிடுவாளா என்று ஒன்றும் தெரியவில்லை. மேலே கதவு திறந்தது. திரையை இழுக்கும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. இவர் கூரையைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அப்புறம் கிரீச் என்று ஒரு சத்தம், கட்டில் கால் தரையில் உராய்கிற சத்தம். கொஞ்சம் நின்றது. மறுபடி இழுபட்டது. ஜன்னலிலிருந்து உள்சுவரை நோக்கி நகர்கிறது என்று கீழே இருந்தே எனக்குத் தெரிந்தது.

"கனமான கட்டில். போய்ப் பிடிக்கலையா?" என்றார் இவர். ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை.

"கூப்பிட்டா போறேன்" என்றேன். இரண்டு கையையும் மடியில் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

சத்தம் நின்றது. மேலேயிருந்து குரல் வந்தது. "அக்கா! சும்மாதான உக்காந்திருக்க? வந்து ஒரு கை குடேன்!"

எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. அவள் வேர்த்துப் போய், கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு, அறையின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தாள். நான் குனிந்து கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"எங்க போடணும், சொல்லு."